நூர்ட்டிங்கனில் நிறுத்திய வண்டி

எபர்ஹார்ட் ஷாய்ஃபெலேவிடம் பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. 1997 மே மாதம் புதிதாக வாங்கியது. அது அவரிடம் இருக்கிறது என்பது எங்கள் தெருவில் இருபத்தெட்டு வருடம் யாருக்கும் தெரியாது. எதிர் வீட்டுக்காரனான எனக்கும் தெரியாது. அவர் மனைவி ரோஸ்விதாவுக்கு மட்டும் தெரியும். பிற்பாடு ரோஸ்விதா சொல்லக் கேட்டதையும், என் வாசலில் நின்று நானே பார்த்ததையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எபர்ஹார்டின் அப்பா விட்டுப்போன ஆப்பிள் தோட்டம் ஊருக்கு மேற்கே சரிவில் இருந்தது. ஊர் வளர்ந்து அந்தப் பக்கம் வந்தபோது நகராட்சி அதை வீட்டுமனை நிலமாக அறிவித்தது. விற்றார்கள். வந்த தொகையில் வீட்டுக் கூரையை மாற்றினார்கள், தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள், மகளின் படிப்புக்கு ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தது. எபர்ஹார்டுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பின்னலூசித் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவர். திருச்சபைக் குழுவில் உறுப்பினர். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் மனதில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு இருக்கை, திறந்த கூரை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின்.

எங்கள் பள்ளத்தாக்கில் பணம் இருப்பது குற்றமில்லை. அது கண்ணில் படுவதுதான் குற்றம். பெரிய எஞ்சின் வைத்த காரை வாங்குகிறவர்கள், பின்பக்கம் மாடல் எழுத்தே ஒட்ட வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என் காரிலும் எழுத்து இல்லை. எபர்ஹார்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்டுட்கார்ட்டில் சாவியை வாங்கியவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. நேராக நூர்ட்டிங்கனுக்கு ஓட்டிப்போனார். எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர். அங்கே மூடிக்கிடந்த ஒரு நூல் ஆலைக்குப் பின்னால் வரிசையாக ஆறு கார் ஷெட்கள் இருந்தன. மூன்றாவதை முன்கூட்டியே வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே வழக்கம்தான். காலையில் வாசல் பெருக்கி முடிப்பார்கள். மதியம் ஒன்று பன்னிரண்டு ரயில். மெட்சிங்கனில் இறங்கி வேறு ரயில். இருவரும் மலையேறும் பூட்ஸ் போட்டிருப்பார்கள், முதுகில் பை, கையில் தடி. நாங்கள் எல்லோரும் அவர்கள் நடக்கப் போகிறார்கள் என்றே நினைத்தோம். பைக்குள் வண்டி ஓட்டும் மெல்லிய காலணியும், ரோஸ்விதாவின் தலைத்துணியும், வெண்ணெய் தடவிய இரண்டு பிரெட்செல் ரொட்டியும் இருந்தன. பூட்ஸை ஷெட்டில் கழற்றி வைத்துவிடுவார்களாம். இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஜோடி பூட்ஸ். அடித்தோல் தேயவே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டு சீக்பெர்ட் மாக் மட்டும் அவ்வப்போது வேலியில் சாய்ந்துகொண்டு கேட்பார்.

"என்னய்யா, இருபது வருஷமா மலை மலையா ஏறுறே, தொப்பை அப்படியே இருக்கே?"

"ஏறலைன்னா இன்னும் பெருசா இருக்கும்" என்பார் எபர்ஹார்ட்.

அந்த வண்டியில் எஞ்சினைப் பார்க்க முடியாது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, நடுவில் இருக்கைக்குப் பின்னால் எஞ்சின். திறந்து பார்க்க மூடி கிடையாது. சத்தம் மட்டும் தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து வரும். கூரையின் பின்கண்ணாடி அப்போதைய வண்டிகளில் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். கூரை மடங்கும்போது அதுவும் மடங்க வேண்டும். குளிர் நாளில் விறைத்துக்கொண்டு கோடு விழுந்துவிடும். அதனால் பாதியில் நிறுத்தி, யாராவது கையால் உள்பக்கம் அழுத்திவிட வேண்டும். அது ரோஸ்விதாவின் வேலை. இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு கோடு கூட விழவில்லை. நொய்ஃபன் ஏற்றத்தில் ஏறி, மேட்டுநிலத்தில் ஆட்டுமந்தைகள் மேயும் வெளிகளைத் தாண்டி, லென்னிங்கன் பக்கம் இறங்கித் திரும்புவார்கள். இரண்டு மணி நேரம். ஒரு துளி பெட்ரோல் கூட எங்கள் ஊரில் போட்டதில்லை.

ரோஸ்விதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதல் வருடமே கேட்டார்.

"ஒரே ஒரு தடவை நம்ம வீட்டு வாசல்ல இருந்து ஏறிப் போகணும். ஷெட்டுக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு ஏறினா, யாரோட வண்டியையோ திருடிட்டுப் போற மாதிரியே இருக்கு."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் எபர்ஹார்ட்.

அடுத்த வருடம் வேறொன்று நடந்தது. சீக்பெர்ட் தன் மனைவி குட்ரூனின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு சின்ன சிவப்புத் திறந்த கார் வாங்கிக் கொடுத்தார். செகண்ட் ஹேண்ட், இத்தாலிய வண்டி. 1998 ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. தெருவே துடைப்பமும் கையுமாக இருந்தது. குட்ரூன் கூரையைத் திறந்து போட்டு, வாசலில் நிறுத்தி, இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எபர்ஹார்ட் வேலியோரம் வந்து நின்றார். அந்த வார்த்தைகளை நான் என் வாசலிலிருந்தே கேட்டேன்.

"அழகாத்தான் இருக்கு, குட்ரூன். ஆனா இது தேவையான்னு ஒருத்தர் கேட்டா, நீ என்ன பதில் சொல்லுவே?"

குட்ரூன் பதில் சொல்லவில்லை. ரோஸ்விதா இரண்டடி தள்ளி நின்று பெருக்கிக்கொண்டிருந்தார். திருச்சபைக் குழுவில் இருக்கிறவர் சொன்ன வார்த்தை அல்லவா, அது தெருவைச் சுற்றி வந்தது. ஆளாளுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள். நானும் ஒருமுறை வேறொருவரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அக்டோபரில் குட்ரூன் சிவப்புக் காரை விற்றுவிட்டார். "முதுகு வலிக்குது, ரொம்பத் தாழ்வா இருக்கு" என்று காரணம் சொன்னார்.

எபர்ஹார்டின் பாக்ஸ்டருக்கு அப்போது ஒன்றரை வயது.

ஏன் அப்படிச் சொன்னார் என்று ரோஸ்விதா அன்றைக்கே கேட்டாராம். "யாரும் நம்ம மேல சந்தேகப்படக் கூடாதுல்ல" என்றாராம் எபர்ஹார்ட். அப்படித்தான் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போனது. அந்த வார்த்தையைச் சொன்னபிறகு வண்டியை வாசலுக்குக் கொண்டுவருவது மேலும் கடினமாகிவிட்டது. ரோஸ்விதாவும் வாரம் இரண்டு முறை குட்ரூனோடு உட்கார்ந்து காபி குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம், 2025 ஆகஸ்டில், நூர்ட்டிங்கனிலிருந்து கடிதம் வந்தது. நூல் ஆலையை இடித்துக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். எபர்ஹார்ட் சுற்றுவட்டாரத்தில் பதினாறு இடங்களில் கேட்டார். எல்லா இடத்திலும் காத்திருப்போர் பட்டியல். அவர் வண்டியின் நம்பர் பிளேட் பருவகாலத்துக்கு மட்டும் செல்லுபடியானது. அக்டோபர் முடிந்தால் பொதுத்தெருவில் நிறுத்தக்கூட உரிமை இல்லை. மீதி இருந்தது அவர்கள் வீட்டு ஷெட் ஒன்றுதான். தெருவைப் பார்த்த ஷெட்.

சமையலறையில் பேச்சு நடந்தது. மேசையில் பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் இருந்தன என்று ரோஸ்விதா சொன்னார்.

"வித்துடலாமான்னு பார்க்குறேன்" என்றார் எபர்ஹார்ட். "இப்ப பதினைஞ்சாயிரம் யூரோவுக்கு மேல போகாது. ஆனா வாங்க ஆள் இருக்கு. வரிசையில நிக்கிறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் போனா பழைய வண்டிக்கான எச் பிளேட்டே கிடைச்சுடும்."

"வித்துடு. ஆனா அத்தனை சனிக்கிழமையையும் சேர்த்துத்தான் விக்கிறே. அதுல பாதி என்னோடது."

"அதைச் சொல்லல நான்."

"நான் சொல்றேன். எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. பட்டப்பகல்ல, கூரையைத் திறந்துட்டு நம்ம தெருவுக்குள்ள வா. நான் வாசல்ல நிக்கிறேன். அங்கேயே ஏறிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்."

"குட்ரூன்கிட்ட சொல்லணும்."

"குட்ரூன்கிட்ட சொல்லணும்" என்றார் ரோஸ்விதா. "வேலியில நின்னு பேசினது நீ. வாயைத் திறக்காம நின்னது நான். உன் பங்கை நீ சொல்லு, என் பங்கை நான் சொல்லிக்கிறேன். சொல்லாம அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

எபர்ஹார்ட் சரி என்றார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தார். ஐந்து வாக்கியம்.

செப்டம்பர் இருபது, சனிக்கிழமை. மூன்று மணி இருக்கும். சீக்பெர்ட் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் வீட்டு டோல்டெரர் அம்மாள் வாசல் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் குப்பைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் கேட்டிராத சத்தம். வெள்ளி நிற வண்டி, கூரை திறந்திருந்தது, முன்விளக்குகள் பொரித்த முட்டை மாதிரி ஓரத்தில் ஆரஞ்சு வழிந்து நின்றன. உள்ளே எபர்ஹார்ட், முகம் சுண்ணாம்பு போல. ரோஸ்விதா தலைத்துணி கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் தயாராக நின்றார்.

வண்டி நின்றது. எபர்ஹார்ட் இறங்கினார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாள் அதில் இருந்தது. வாயைத் திறந்தார். சீக்பெர்ட் முந்திக்கொண்டார்.

"அடேயப்பா! கடைசியில நீயும் ஒண்ணு வாங்கிட்டியா? எனக்குத் தெரியும்யா, ஓய்வு பெத்தவனெல்லாம் இப்ப இதைத்தான் வாங்குறான். எவ்வளவுக்கு முடிச்சே?"

"இல்ல, இது..."

"என் மச்சான் சொன்னான், பதினைஞ்சுக்குள்ள நல்லதா கிடைக்குதுன்னு. புதுசுல, யூரோ வராத காலத்துல, எழுபத்தாறாயிரம் மார்க்குக்கு வித்த வண்டி! எவனோ ஒரு மடையன் அன்னைக்கு முழு விலை குடுத்து வாங்கினான், இன்னைக்கு நீ சும்மா அள்ளிட்டு வந்துட்டே. சொல்லு, எவ்வளவு?"

டோல்டெரர் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். "புத்திசாலித்தனமான காரியம் பண்ணீங்க, ஷாய்ஃபெலே. புதுசு வாங்குறது பணத்தைக் கரியாக்குறது. உங்களை மாதிரி ஆள் பண்ணினா மத்தவங்களுக்கும் ஒரு உதாரணம்."

எபர்ஹார்ட் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக எதற்குப் பயந்தாரோ அது நடக்கவில்லை. அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது.

"பதிமூணரை" என்றார்.

"பதிமூணரையா!" சீக்பெர்ட் அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். "டேய், நீ கொள்முதல் பிரிவுல சும்மாவா இருந்தே!"

குட்ரூனும் வெளியே வந்திருந்தார். அவர் வண்டியைத் தொடவில்லை. சுற்றி வந்து இருக்கைகளைப் பார்த்தார்.

"ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்காங்க" என்றார். "யார்கிட்ட வாங்கினே?"

"நூர்ட்டிங்கன்ல ஒரு வயசானவர். சிங்கிள் ஓனர். சனிக்கிழமை மட்டும் ஓட்டுவாராம்."

"ஏன் வித்தாராம்?"

"நிறுத்த இடம் இல்லையாம்."

"பாவம். தனியாவா ஓட்டினார்? பொண்டாட்டி கூட வருவாங்களா?"

"அப்படி யாரும் இருந்ததாச் சொல்லல" என்றார்.

ரோஸ்விதா தலைத்துணியை அவிழ்த்தார். உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம் பெரிதாக இல்லை.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குள் கத்தல் எதுவும் இல்லை. ரோஸ்விதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"நூர்ட்டிங்கன்காரருக்குப் பொண்டாட்டியே இல்லையாமே. அப்போ இருபத்தெட்டு வருஷமா அந்தப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தது யாரு?"

"வாய் தவறி வந்துடுச்சு, ரோஸ்வி. அவங்களாத்தான் அப்படி நினைச்சுக்கிட்டாங்க. நான் ஆமான்னு மட்டும்தான் சொன்னேன்."

"பதிமூணரைன்னு சொன்னது யாரு? அவங்களா?"

அடுத்த பத்து நாள் ரோஸ்விதா எங்கே போனாலும் பேருந்தில் போனார். எபர்ஹார்டோடு பேசாமல் இல்லை; சாப்பாடு வைத்தார், ரொட்டி வாங்கி வரச் சொன்னார். வண்டி இருந்த ஷெட் பக்கம் மட்டும் போகவில்லை. சனிக்கிழமை இருபத்தேழாம் தேதி எபர்ஹார்ட் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கூரையைத் திறக்காமல் போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பினார்.

பொய் தானாகவே வளர்ந்தது. தேவாலயத்தில் போதகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நிதானமாக வாங்குவது எப்படி என்று இளைஞர்களுக்கு ஒரு மாலை பேசச் சொன்னார். டோல்டெரர் அம்மாள் தன் மருமகனை அழைத்துவந்து வண்டியைக் காட்டினார். "இவர்கிட்ட கத்துக்கோ" என்றார். நூர்ட்டிங்கன் கிழவரைப் பற்றிப் புதிது புதிதாகக் கேட்டார்கள், எபர்ஹார்டும் புதிது புதிதாகச் சொன்னார். கிழவருக்கு வலது காது மந்தம். கிழவர் முன்பு நூல் ஆலையில் வேலை பார்த்தவர். என்னிடமே சொன்னார். நானும் நம்பினேன்.

செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. சீக்பெர்ட் எபர்ஹார்டின் வீட்டுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் ரோஸ்விதா பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எபர்ஹார்ட், எனக்கு ஒரு உதவி பண்ணு. அந்தக் கிழவரோட போன் நம்பர் குடு."

"எதுக்கு?"

"அவருக்குத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இதே மாதிரி ஒண்ணு இருக்கலாம்ல. குட்ரூனுக்கு வாங்கலாம்னு இருக்கேன். அவகிட்ட சொல்லிடாதே. அன்னைக்கு அந்த சிவப்பு வண்டியை வித்தாளே, முதுகுவலின்னு. முதுகுவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் சரியாப் பேசவே இல்ல என்கூட. உன் வண்டி வந்த நாள்ல இருந்து மாடி ஜன்னல்ல நின்னு பார்க்குறா. இப்பதான் நீயே வாங்கிட்டியே, இனிமே யாரு என்ன சொல்லப் போறாங்க?"

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது.

"நாளை மறுநாள் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றோம்" என்றார் எபர்ஹார்ட். "ரெண்டு பேரும் இருங்க."

"நம்பரை இப்பவே குடேன்யா."

"வர்றோம்னு சொன்னேன்ல."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் இருவரும் வேலியைச் சுற்றி நடந்து போனதை நான் பார்த்தேன். எபர்ஹார்ட் கோட் போட்டிருந்தார். கையில் வண்டியின் ஆர்.சி. புத்தகம். உள்ளே நடந்தது ரோஸ்விதா சொன்னபடி இது.

எபர்ஹார்ட் உட்காரவில்லை. ஆர்.சி.யைத் திறந்து குட்ரூன் முன்னால் மேசையில் வைத்தார். முதல் உரிமையாளர் என்ற இடத்தில் விரலை வைத்தார். பெயரும் தேதியும் இருந்தன: பதினாறு, ஐந்து, 1997.

சீக்பெர்ட் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். முதலில் சிரித்துவிட்டார். "நீயேதான் அந்தக் கிழவனா! எழுபத்தாறாயிரம் குடுத்த மடையன் நீயேதானா! அப்போ மலை ஏறப் போறோம் மலை ஏறப் போறோம்னு..." பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குட்ரூன் தேதியை இரண்டாவது முறை படித்தார்.

"என் வண்டி வந்தது தொண்ணூத்தெட்டு ஏப்ரல்" என்றார். "நீ வேலியில நின்னு 'இது தேவையா'ன்னு கேட்டப்போ உன்னோடது ஒரு வருஷமா ஷெட்டுல நின்னுக்கிட்டு இருந்திருக்கு."

"ஆமா."

"அதுக்கு முன்னாடி வந்த சனிக்கிழமை அதுல போயிட்டு வந்திருப்பே."

"ஆமா. போனேன்."

"கேட்டதுக்கு நானே பதில் சொல்றேன், எபர்ஹார்ட். தேவை இல்ல. எனக்கு அது தேவையே இல்ல. பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாம வித்துட்டேன்."

எபர்ஹார்ட் தாளை எடுக்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

குட்ரூன் ரோஸ்விதாவின் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதானே நின்னே?"

"நின்னேன்."

"பெருக்கிக்கிட்டு."

"பெருக்கினதையே திரும்பப் பெருக்கிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் உன் வீட்டுல உட்கார்ந்து எத்தனை காபி குடிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னு வருவேன். கேக் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போவேன்."

"கேக்காவது உண்மையிலயே நல்லா இருந்துச்சா?"

"அது உண்மை."

சீக்பெர்டுக்குச் சிரிப்பு வந்தது. குட்ரூன் சிரிக்கவில்லை. ஆர்.சி.யை மூடி எபர்ஹார்டிடம் நீட்டினார்.

"அந்தப் பதிமூணரைக் கதையை யார் யார்கிட்ட சொன்னே?"

"தெருவுல எல்லார்கிட்டயும்."

"அப்போ எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு. என்கிட்ட மட்டும் காதோட காதா சொல்லிட்டுப் போயிடாதே. அன்னைக்கு நீ என்னைக் கேட்டது தெருவுக்கே கேட்டுச்சு."

ரோஸ்விதாவும் அதையே சொன்னார்: "அவ சொல்றது சரி. போய்ச் சொல்லு."

எபர்ஹார்ட் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அக்டோபர் நாலாம் தேதி, சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ஒன்றாம் நம்பர் வீட்டில் ஆரம்பித்தார். மொத்தம் பதினான்கு வீடு. கையில் ஆர்.சி. ஒவ்வொரு வாசலிலும் அதே மூன்று வாக்கியம்: 1997இல் இந்த வண்டியைப் புதிதாக வாங்கியதே நான்தான், நூர்ட்டிங்கனில் ஒளித்து வைத்தேன், அதே வருடங்களில்தான் குட்ரூனின் வண்டியைப் பற்றி அப்படிப் பேசினேன்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். டோல்டெரர் அம்மாளுக்குத்தான் கோபம் வந்தது, அதுவும் வேறு காரணத்துக்காக. "அப்போ பேரமே பேசலையா நீங்க? கேட்ட விலையா குடுத்தீங்க? என் மருமகன் உங்க பேச்சைக் கேட்டு மூணு ஷோரூம்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கான்!" பன்னிரண்டாம் நம்பரில் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியில் அந்தப் பெண், "தொண்ணூத்தேழுல எனக்கு ரெண்டு வயசு, அங்கிள். வண்டி சூப்பரா இருக்கு" என்றாள். ஏழாம் நம்பர் கிழவர் மூன்று வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்கிட்டயும் ஒரு படகு இருக்கு, கான்ஸ்டன்ஸ் ஏரியில" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் வீடு பத்தாவது. எபர்ஹார்டுக்கு வியர்த்திருந்தது. மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். குட்ரூனைப் பற்றிய அந்தப் பேச்சை நானும் ஒருவரிடம் கடத்தினேன் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாதாம். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் நாலு வீடு இருக்கிறது என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அறுவடை நன்றித் திருநாள். தேவாலயத்தில் பூசணியும் கோதுமைக்கதிருமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வெயில் நன்றாக அடித்தது. எபர்ஹார்ட் ஷெட்டைத் திறந்து வண்டியை வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி நின்றார். தெருவில் திரைச்சீலைகள் அசைந்தன. என்னுடையதும் அசைந்தது, பிறகு அது சரியில்லை என்று தோன்றவே வெளியே வந்து நின்றேன்.

ரோஸ்விதா வந்தார். அவசரப்படவில்லை. படி இறங்கி, வேலிக்கதவைத் தாண்டி, நடைபாதையைக் கடந்து, கதவைத் தானே திறந்து உட்கார்ந்தார். இருக்கையைத் தனக்கேற்ற மாதிரி சரிசெய்தார். கைப்பையைக் காலடியில் வைத்தார். அவ்வளவுதான். அதற்கு இருபத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு எழுபது வயசு அம்மாள் ஒருவர் காரில் ஏறியதைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது.

அப்போது குட்ரூன் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் ரோஸ்விதாவோடு பேசியிருக்கவில்லை. வண்டியின் பக்கம் வந்து, கதவு விளிம்பில் கை வைத்து நின்றார்.

"எவ்வளவு நேரம் போவீங்க?"

"ரெண்டு மணி நேரம்" என்றார் ரோஸ்விதா.

"எப்பவும் அவ்வளவுதானா?"

"எப்பவும் அவ்வளவுதான். மழை வந்தா கொஞ்சம் கம்மி."

"நீயும் வர்றியா, குட்ரூன்?" என்றார் எபர்ஹார்ட். "நான் இறங்கிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க."

"வேண்டாம்" என்றார் குட்ரூன். "இதுல நான் ஏறப் போறதில்ல. சீக்பெர்ட் எனக்குன்னு ஒண்ணு பார்த்துக்கிட்டு இருக்கான், ரகசியமா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், நீங்களும் சொல்லிடாதீங்க." பிறகு ரோஸ்விதாவைப் பார்த்தார். "திரும்பி வந்ததும் நேரா என் வீட்டுக்கு வா. இன்னைக்குப் போறதைப் பத்திச் சொல்ல வேண்டாம். தொண்ணூத்தெட்டுல இருந்து ஆரம்பி. எந்தெந்த சனிக்கிழமை எங்கெங்க போனீங்க, எல்லாத்தையும் சொல்லு. அந்த வருஷம் கோடை முழுக்க நான் எங்கேயும் போகல."

"எல்லாம் ஞாபகம் இருக்குமான்னு தெரியல."

"இருக்கிறதைச் சொல்லு. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

ரோஸ்விதா சரி என்று தலையசைத்தார். குட்ரூன் கதவிலிருந்து கையை எடுத்தார். எபர்ஹார்ட் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். மணி இரண்டே கால். நடக்கிற வேகத்தில் வீடுகளை ஒவ்வொன்றாகக் கடந்து, முனையில் இடதுபக்கம் திரும்பிப் போனார்கள்.